பிரேக்கிங் டான் முடிச்சாச்சு: சண்டை ஏன் நடக்கல? அடுத்து எதை எந்த வரிசையில் படிக்கணும்?

மழைவாசகி கேட்டது:

ஸ்டெஃபனி மேயரோட ட்வைலைட் வாம்பயர் (ரத்தக்காட்டேரி) நாவல் வரிசையில், கடைசியான பிரேக்கிங் டான் வரைக்கும் நாலு புத்தகமும் முடிச்சாச்சு. கதை தெரிஞ்சவங்க மட்டும் கீழே வாங்க, முடிவைப் பத்திதான் பேச்சு.

வாம்பயர்களை ஆளற வோல்டூரி கூட்டம் வருது, வருதுன்னு 28ஆம் அத்தியாயத்துலேர்ந்து ஏத்திவிடறாங்க. ஊர் ஊரா ஆள் சேர்க்கறாங்க, பயிற்சி எடுக்கறாங்க. கடைசியில் பனியில் நின்னு பேசிட்டு எல்லாரும் கலைஞ்சு போயிடறாங்க. செத்தது ஐரினாங்கற வாம்பயர் ஒருத்திதான். இது திட்டம் போட்டு எழுதினதா, இல்ல பாத்திரங்களைக் கொல்ல மனசு வராம விட்டதா? படத்துல சண்டை இருக்குன்னு சொல்றாங்களே, அது எப்படி? இதுக்கு மேல வந்த புத்தகங்கள்ல எது அவசியம், எதை விட்டுடலாம்?

---

ஏட்டுச்சுரைக்காய் பதில்:

திட்டம் போட்டதுதாங்க. கடைசிப் பகுதியைப் போர்க்கதையா எடுத்துக்கிட்டா ஏமாற்றம்தான் மிஞ்சும். அது ஒரு வழக்கு விசாரணை. ஐரினா தூரத்துலேர்ந்து, கதாநாயகி பெல்லாவுக்கும் வாம்பயர் எட்வர்டுக்கும் பிறந்த ரெனெஸ்மியைப் பார்த்துட்டு, கடிச்சு வாம்பயரா மாத்தின குழந்தைன்னு நினைச்சு, வோல்டூரி இருக்கிற வோல்டெர்ராவுக்குப் போய்ப் புகார் கொடுக்கறா. எட்வர்டோட கல்லன் குடும்பம் ஊர் ஊராத் திரட்டுறது படையை இல்ல, சாட்சிகளை. குழந்தை வளருதுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல ஆள் வேணும், அவ்வளவுதான். அப்புறம் ஐரினா தான் பார்த்தது தப்புன்னு ஒத்துக்கறா, பொய்ப் புகாருக்காக வோல்டூரித் தலைவர்கள்ல ஒருத்தனான கையஸ் அவளை அங்கேயே முடிச்சுடறான். அதுக்கு மேல இன்னொரு தலைவன் ஆரோகிட்ட பாக்கி இருக்கிறது ஒரே வாதம்: “இது வளர்ந்து என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?” அந்த வாதத்தை உடைக்கத்தான் கல்லன் குடும்பத்து ஆலிஸ் தென் அமெரிக்காவுலேர்ந்து நஹுவெலைக் கூட்டிட்டு வர்றா. அவனும் பாதி மனுஷன், வயசு 150, ஏழு வயசுலேயே முழு ஆளா வளர்ந்து அதோட நின்னவன். முன்னுதாரணம் கிடைச்சதும் வழக்கு தள்ளுபடி.

இதுக்கு விதை முன்னாடியே போட்டிருக்கு. 2ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எடுங்க. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெல்லாவுக்கு வர்ற கெட்ட கனவுல வோல்டூரியும் ஒரு குழந்தையும்தான். ஐரினா, டானியா சகோதரிகளோட அம்மா எதுக்காகக் கொல்லப்பட்டாங்கன்னும் அங்கேயே வருது. 7ஆம் அத்தியாயத்துல எஸ்மி தீவுக்குத் துப்புரவு வேலைக்கு வர்ற காவுரே பெல்லாவோட வயித்தைப் பார்த்துப் பயப்படறா. அவ ஊர்க் கதைகள்ல இந்த மாதிரிப் பிறப்பு இருக்கு. நஹுவெல் திடீர்னு வானத்துலேர்ந்து குதிக்கல, அந்தப் பயத்துலேயே அவன் ஒளிஞ்சிருக்கான்.

29ஆம் அத்தியாயத்துல ஆலிஸ் எழுதிவெச்சுட்டுப் போற சீட்டு எந்தப் புத்தகத்துலேர்ந்து கிழிச்ச தாள்னு கவனிச்சீங்களா? ஷேக்ஸ்பியரோட வெனிஸ் வணிகன். கத்தியைத் தீட்டிக்கிட்டு வந்தவனைச் சட்ட வாதம் ஒண்ணாலேயே மடக்கி அனுப்பற நாடகம். அட்டையில சதுரங்கப் பலகை: முன்னால வெள்ளை ராணி, பின்னால சிவப்புச் சிப்பாய். ஒரு காய் இன்னொண்ணை வெட்டற காட்சி அதுல இல்ல.

---

பின்வரிசை பதில்:

படத்து விஷயம் நான் சொல்றேன். கடைசிப் புத்தகத்தை ரெண்டா வெட்டி 2011 நவம்பர்லயும் 2012 நவம்பர்லயும் விட்டாங்க. ரெண்டுக்கும் இயக்குநர் பில் காண்டன், ஐந்து படத்துக்கும் திரைக்கதை மெலிஸா ரோஸன்பர்க். ரெண்டாம் பாகத்துல கல்லன் குடும்பத்துப் பெரியவர் கார்லைல் தலை போகும், அதே குடும்பத்து ஜாஸ்பர், ஓநாயா மாறற சேத், லியா எல்லாரும் சாவாங்க, ஆரோவும் முடிஞ்சுடுவான். அப்புறம் பார்த்தா அத்தனையும் ஆலிஸ் ஆரோவோட கையைப் பிடிச்சுக் காட்டின எதிர்காலம். தியேட்டருக்காக வெச்ச சண்டைதான், ஆனா ஆரோ ஏன் பின்வாங்கினான்கிறதுக்குக் காரணம் புத்தகத்தை விடப் பளிச்சுன்னு விழுது.

புத்தகத்துல அதைச் செய்யவே முடியாது. 19லேர்ந்து 39 வரைக்கும் சொல்றது பெல்லா. ஆலிஸ் ஆரோவுக்குக் காட்டறது பெல்லாவுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாதது நமக்கும் வராது. அதனால மேயர் வேற மாதிரி ஒரு மோதலை வெச்சிருக்காங்க. 38ஆம் அத்தியாயத்துல வோல்டூரி ஆள் அலெக்கோட, புலன்களை மரத்துப்போக வைக்கற புகை. பனி மேல ஊர்ந்து மெதுவா வரும். கல்லன் பக்கத்து பெஞ்சமின் காத்தை விட்டுப் பார்ப்பான், பனி பறக்கும், புகை அசையாது. தரையைப் பிளப்பான், புகை தாண்டி வந்துடும். கடைசியில பெல்லாவோட மனக் கவசத்து ஓரத்துல முட்டி அப்படியே தேங்கி நிக்கும். அடிதடி இல்லாத சண்டைக் காட்சி எழுத நினைக்கறவங்க அந்த ரெண்டு பக்கத்தைப் பாடமாவே வெச்சுக்கலாம்.

---

காரசாரம் பதில்:

ரெண்டு பேரும் வக்கீல் மாதிரி பேசறீங்க. விதை போட்டிருக்குங்கறது சரி, ஆனா விலை கொடுக்கலையே? பெல்லா வாம்பயரா மாறினா இழக்கப்போறதா மூணு புத்தகமா பயமுறுத்தினது என்னென்ன: அப்பா, குழந்தை, ஓநாயா மாறற நண்பன் ஜேக்கப், புத்தி தெளிவு. நாலுமே கைக்கு வந்துடுது. அப்பா சார்லிக்குப் பாதி உண்மை தெரிஞ்சு கூடவே இருக்கார். புதுசா மாறினவங்களுக்கு ரத்தவெறின்னு மூணாம் புத்தகம் எக்லிப்ஸ் முழுக்கச் சொல்லிட்டு, இவளுக்கு முதல் வேட்டையிலேயே அடக்கம் வந்துடுது. பெல்லாவைக் காதலிச்ச ஜேக்கப் பிரச்சினைக்கு ‘இம்ப்ரின்ட்’னு (ஓநாய்க்கு ஒருத்தர் மேல தானா விழற ஆயுள் பிணைப்பு) ஒரே சொடுக்குல தீர்வு, அதுவும் பிறந்த குழந்தை மேல. தொடர் முடிவுகள்ல எங்கே சறுக்கும்னு யாராவது கேட்டா இதைத்தான் காட்டுவேன். அடுத்த புத்தகம் கிடையாதுன்னு தெரிஞ்சதும் எல்லாக் கணக்கையும் லாபத்துல மூடப் பார்க்கறது.

33ஆம் அத்தியாயத்துல கள்ள ஆவணம் செஞ்சு தர்ற ஜெங்க்ஸ் விஷயமும் அப்படித்தான். ரெனெஸ்மிக்கும் ஜேக்கப்புக்கும் கள்ளப் பாஸ்போர்ட், ரெண்டு மூணு தடவை சந்திப்பு, கடைசியில எதுக்கும் பயன்படல. பதட்டத்துக்காக வெச்ச உப்பு, குழம்புல கரையவே இல்ல.

இன்னொண்ணு. ஜேக்கப் கூட்டத்து ஓநாய்க் கதையைக் குவில்யூட் பழங்குடி மக்களோட மரபுன்னு நம்பிடாதீங்க. லா புஷ் நிஜ ஊர், அவங்க நிஜ மக்கள். ஓநாய்லேர்ந்து மனுஷங்க உருவான கதை அவங்ககிட்ட இருக்கு, ஆனா இம்ப்ரின்ட்டும் வாம்பயர் பகையும் மேயர் கற்பனை.

---

மழைவாசகி:

காரசாரம் சொல்ற ரத்தவெறி விஷயம் எனக்கும் உறுத்துச்சு. அதே மாதிரி கவசமும். எட்வர்டால பெல்லா மனசைப் படிக்க முடியல, ஆனா ஆலிஸுக்கு அவ எதிர்காலம் தெரியுது, ஜாஸ்பரால அவ உணர்ச்சியை மாத்த முடியுது. ஓட்டை இல்லையா?

---

ஏட்டுச்சுரைக்காய்:

ஓட்டை இல்ல. கவசம் மனசை மட்டும்தான் மூடும். எட்வர்ட், ஆரோ, வோல்டூரியோட ஜேன், அலெக் எல்லாரும் மனசு வழியா வர்றவங்க, அதனால வெளியே நிப்பாங்க. ஜாஸ்பர் வேலை உடம்பு மேல. ஆலிஸ் பார்க்கிறது நடக்கப்போற சம்பவத்தை, மனசை இல்ல. 31ஆம் அத்தியாயத்துல, முன்னாடி வோல்டூரிகிட்ட இருந்த எலியாசர்தான் பெல்லாகிட்ட இருக்கிறது கவசம்னு கண்டுபிடிப்பான். அதை வெளியே நீட்டக் கத்துக்கொடுக்கறது ஐரினாவோட சகோதரி கேட், மின்னதிர்ச்சி கொடுத்துக் கொடுத்து.

சரிபார்க்கணும்னா ரெண்டாம் புத்தகம் நியூ மூன் 21ஆம் அத்தியாயம் எடுங்க. ஆரோ கையைத் தொட்டும் ஒண்ணும் கேக்காது, ஜேன் முறைச்சும் வலிக்காது. அதை முடிச்ச கையோட பிரேக்கிங் டான் கடைசி அத்தியாயத்துல கடைசி ரெண்டு பக்கம். பெல்லா கவசத்தைத் தன் மனசை விட்டே வெளியே தள்ளி, முதல் தடவையா எட்வர்டுக்கு உள்ளே கேக்க விடறா. முதல் புத்தகத்துல வகுப்பறையில அவன் குழம்பி உட்கார்ந்திருந்ததுக்குப் பதில் அங்கேதான் வருது. என்னைக் கேட்டா தொடரோட நிஜ முடிவு அந்த ரெண்டு பக்கம். வோல்டூரி அதுக்கு முன்னாடி வந்துபோன மழை.

---

பின்வரிசை:

மீதி புத்தகங்கள்ல, முதல்ல பிரீ டானர் குறுநாவல், 2010 ஜூன்ல வந்தது. 180 பக்கத்துக்குள்ள, ஒரே உட்கார்ச்சியில முடியும். எக்லிப்ஸ் கடைசியில சரணடைஞ்சும் கொல்லப்படற பொண்ணோட கதை. சாவு தெரிஞ்ச கதைதானேன்னு தள்ளிடாதீங்க. கல்லன் குடும்பத்துக்கு எதிரா வாம்பயர் விக்டோரியா படை திரட்டறது ஜேனுக்கு முன்கூட்டியே தெரியும், தடுக்காம அஞ்சு நாள் கெடு மட்டும் கொடுத்துட்டுப் போவா. வோல்டூரிக்குக் கல்லன் குடும்பம் அழியறதுதான் வேணும்னு அங்கேயே தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் ஐரினா புகாரை ஆரோ ஏன் அவ்வளவு ஆசையா எடுத்துக்கிட்டான்னு கேக்கவே வேணாம்.

அடுத்தது மிட்நைட் சன், 2020 ஆகஸ்ட். முதல் புத்தகத்தையே எட்வர்ட் சொல்றான், 650 பக்கத்துக்கு மேல. பாதி எழுதின வரைவு 2008ல கசிஞ்சு, மேயர் அதைத் தன் தளத்திலேயே போட்டுட்டு நிறுத்திட்டாங்க. இதை பிரேக்கிங் டான் முடிச்ச உடனே எடுத்தா அலுத்துடும், ஏன்னா சம்பவம் அத்தனையும் தெரிஞ்சது. ரெண்டு மூணு மாசம் விடுங்க. எடுத்தா கடைசிப் பகுதியை மெதுவாப் படிங்க: பெல்லா ஃபீனிக்ஸ்ல தனியா மாட்டிக்கிட்ட நேரத்துல மத்தவங்க ஓடின ஓட்டம் இதுல மட்டும்தான் இருக்கு.

லைஃப் அண்ட் டெத், 2015. பத்தாம் ஆண்டுக்காக ஆண் பெண் மாத்தி எழுதினது, பெல்லாவுக்குப் பதிலா இதுல போ (Beau)ங்கற பையன். முக்கால்வாசி அதே வாக்கியம்தான், தாண்டித் தாண்டிப் போகலாம். ஆனா முடிவு வேற. விஷத்தை உறிஞ்சி எடுக்க நேரம் கடந்துடுது, முதல் புத்தகத்துலேயே மாறிடறான். காரசாரம் கேக்கற விலை அங்கே இருக்கு: வீடு திரும்ப முடியாது, அப்பா அம்மாவுக்கு அவன் செத்தவன்.

---

காரசாரம்:

அதை ஒத்துக்கறேன். அந்தக் கடைசி அத்தியாயங்கள் நாலாம் புத்தகத்தை விட நேர்மை.

திரும்பப் படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. 32ல ஒரே மூச்சுல எகிப்து, அயர்லாந்து, அமேசான், ருமேனியா, நாடோடிகள்னு பெயரா வந்து கொட்டும், அங்கேதான் நிறைய பேர் வழுக்கறாங்க. புத்தகத்தோட பின்பக்கத்துல வாம்பயர் பட்டியல் இருக்கு. நட்சத்திரக் குறி போட்டவங்களுக்குத் தனித்திறமை உண்டு, நடுவுல கோடு போட்டா ஜோடி, பேரை அடிச்சிருந்தா கதை தொடங்கறதுக்கு முன்னாடியே செத்தவங்க. அதுல ஒரு விரலை வெச்சுக்கிட்டுப் படிங்க.

---

மழைவாசகி:

பட்டியலை இப்பதான் திருப்பிப் பார்த்தேன். டெனாலி குடும்பத்துல ஐரினா பேருக்குப் பக்கத்துல ஒரு கோடு, அதுக்கு அந்தப் பக்கம் லாரன்ட், அடிச்ச பேர். ஓநாய்ங்க அவனைக் கொன்னதுக்கான கோவத்துலதான் அவ கல்யாணத்துக்கே வரல, புகாரும் அங்கேர்ந்துதான் ஆரம்பம். நியூ மூன் 21 இன்னைக்கு ராத்திரி, பிரீ டானர் ஞாயித்துக்கிழமை.