சவுண்ட் கார்டு ரிசீவரை விட்டு நேரடி மாதிரியெடுப்புக்கு மாறலாமா?

கேள்வி:
40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அமெச்சூர் ரேடியோ பட்டைக்காக, எஃப்எஸ்டி3253 சுவிட்சைக் கொண்டு டேலோ டிடெக்டர் (வானொலி அலையைச் சவுண்ட் கார்டுக்கு ஏற்ற தாழ்ந்த அலைவரிசைக்கு இறக்கும் சுற்று) ஒன்றைக் கட்டி, 90 பாகை கட்ட வேறுபாடுள்ள அதன் ஐ, க்யூ வெளியீடுகளை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டில் கொடுத்துக் கேட்டு வருகிறேன். பகலில் குறையில்லை, இருட்டிய பின் வாட்டர்ஃபாலில் (அலைவரிசைகளை நேரத்தோடு காட்டும் திரை வரைபடத்தில்), குரல் போலிருந்தும் ஒரு சொல்கூடப் புரியாத தடங்கள் முளைக்கின்றன. அன்டெனா அலையை நேரடியாக எண்ணாக்கும் 16 பிட் ரிசீவருக்கு மாறினால் இவை நீங்குமா? 24 பிட்டிலிருந்து 16-க்கு இறங்குவது பின்னடைவாகாதா?

மறுமொழி 1:
மாறுவதற்கு முன் அந்தத் தடங்கள் எவை என்று பாருங்கள். டிடெக்டரின் சுவிட்சை ஓட்டும் லோக்கல் ஆசிலேட்டரை 1 கிலோஹெர்ட்ஸ் நகர்த்துங்கள். உண்மையான நிலையம் தன் அலைவரிசையிலேயே நிற்கும். பிம்பமானால், அதாவது ஆசிலேட்டர் அலைவரிசையின் மறுபக்கத்து நிலையம் கண்ணாடியில் போல இந்தப் பக்கம் தெரிவதானால், 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். 21 மெகாஹெர்ட்ஸிலிருந்து மூன்றாம் ஹார்மோனிக் (ஆசிலேட்டர் அலைவரிசையின் மும்மடங்கு) வழியாக நுழைந்ததானால் 4 கிலோஹெர்ட்ஸ் போகும். எதுவும் நகராவிட்டால், சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டனுவேட்டரை அன்டெனா வழியில் செருகுங்கள்: தடம் 30 டெசிபல் விழுந்தால், வலுவான நிலையங்கள் தமக்குள் கலந்து உண்டாக்கிய போலி அது.

மறுமொழி 2:
பிட் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. நொடிக்கு 12.288 கோடி மாதிரிகள் எடுக்கும் ஏடிசியில் (அலையை எண்ணாக்கும் சிப்பில்) குவாண்டமாக்கல் இரைச்சல், அதாவது எண்ணாக்கும்போது முழு எண்ணுக்குத் திருத்துவதால் வரும் பிழை, 61.44 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கும் பரவிவிடுவதால், குரலுக்கு வேண்டிய 2.4 கிலோஹெர்ட்ஸை மட்டும் வடித்தெடுக்கும்போது ஏறத்தாழ 44 டெசிபல் ஆதாயம் கிடைக்கிறது. ஐ, க்யூ பிரிப்பு எண்கணக்கிலேயே நடப்பதால் பிம்பத் தொல்லையும் இல்லை. ஆனால் அந்த ஏடிசி, வடிகட்டி தடுக்காத எல்லா நிலையங்களின் கூட்டு மின்னழுத்தத்தையும் ஒருசேரத் தாங்க வேண்டும். மத்திய அலை ஒலிபரப்பு ஒன்று அருகில் இருந்தால் அதுவே ஏடிசியை நிரப்பிவிடும். என் கருத்தில், முன்னால் நல்ல பட்டை வடிகட்டி இல்லாத நேரடி மாதிரியெடுப்பு, வடிகட்டியுள்ள டேலோவைவிட மோசமானது. (முன்னவர் சொன்ன 30 டெசிபல் கணக்கை ஏடிசியிடம் எதிர்பார்க்காதீர்கள், அதன் பிழைகள் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை.)

கேட்டவர்:
சோதித்தேன். ஏறக்குறைய எல்லாத் தடங்களும் 2 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தன. கீழ்ப் பக்கப்பட்டையிலிருந்து மேல் பக்கப்பட்டைக்கு மாற்றிக் கேட்டதும் குரல் தெளிந்துவிட்டது.

மறுமொழி 1:
அப்படியானால் அவை பிம்பங்களே; பிம்பத்தில் அலைவரிசைகள் தலைகீழாகிவிடுவதால்தான் குரல் புரியவில்லை. ஐ, க்யூ இடையே உள்ள கட்டம் 1 பாகை பிசகினாலே பிம்பத் தணிப்பு 41 டெசிபலுக்கு மேல் ஏறாது. இரவில் வரும் வலுவான நிலையங்களுக்கு அது போதாது. டிடெக்டரில் மாதிரி மின்னழுத்தத்தைத் தேக்கும் மின்தேக்கிகள் நான்கையும் அளந்து பொருத்துங்கள், பிறகு மென்பொருளில் வீச்சையும் கட்டத்தையும் திருத்துங்கள். ஓர் அலைவரிசையில் செய்த திருத்தம் பட்டையின் மறுகோடியில் அப்படியே பொருந்தாது என்பதால், இரண்டு மூன்று இடங்களில் அளந்து சேமித்துக்கொள்வது நல்லது.