மதியம் 12 மணிக்கு இட்லி, பொங்கல்: திரையில் எது வர வேண்டும் என்று எது முடிவு செய்கிறது?

வாழையிலை_குடந்தை (கேள்வி)

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு சிறிய சைவ உணவகம் நடத்துகிறேன். சுவரில் பெயின்டால் எழுதியிருந்த விலைப்பட்டியலை அழித்துவிட்டு, கடந்த மாதம் மூன்று திரைகளை மாட்டினோம்: வாசலில் ஒன்று, கல்லாவுக்கு மேலே ஒன்று, உள்ளே குடும்ப அறையில் ஒன்று. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி இருக்கிறது. பட்டியல்களை என் கணினியிலிருந்து இணையம் வழியாக ஏற்றுகிறேன். எந்த நேரத்துக்கு எது என்பதையும் அங்கேயே குறித்திருக்கிறேன். காலை 6.30 முதல் 11 வரை டிபன், 11.30 முதல் 3.30 வரை சாப்பாடு, மாலை 4 முதல் இரவு 10 வரை மறுபடியும் டிபன்.

இப்போது மூன்று திரைகளிலும் மூன்று விதமான சிக்கல். வாசல் திரையில் காலை முழுவதும் கடையின் பெயர்ப்படம் மட்டுமே நிற்கிறது. நண்பகல் 12 மணிக்கு இட்லி, பொங்கல், வடை என்று காலைப் பட்டியல் வருகிறது. மாலை 5 மணிக்குச் சாப்பாட்டுப் பட்டியல் வருகிறது. கல்லாத் திரையில் தீபாவளி இனிப்பு முன்பதிவுக் காணொளி மட்டும் ஓயாமல் ஓடுகிறது. அது அடிக்கடி வரட்டும் என்று முன்னுரிமை எண்ணை 10 என்று கொடுத்திருந்தேன், பட்டியலுக்கு 1. குடும்ப அறைத் திரையில் நான்கு நாள்களுக்கு முன் மாற்றிய விலை இன்னும் வரவில்லை, பழைய விலையே நிற்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வாசல் திரையில் பொங்கலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மருந்து போட்டுக்கொள்ள வேண்டும், பொங்கல்தான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்றார். காலையோடு முடிந்துவிட்டது என்று சொன்னதும் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அமைத்துக் கொடுத்தவர்களைக் கேட்டால், "சிஸ்டமே பார்த்து முடிவு செய்துகொள்ளும்" என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. திரையில் கேமரா பொருத்தினால் எதிரே நிற்பவரின் வயதை அறிந்து அதற்கேற்ற விளம்பரத்தைக் காட்டலாம் என்றும் ஒரு விலை சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிஸ்டம் என்பது உண்மையில் எது, எங்கே இருக்கிறது, எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

திரைப்பணி_திருச்சி

வணக்கம் ஐயா. இந்தத் திரைகளை நிறுவிப் பராமரிப்பதுதான் என் தொழில். உங்கள் மூன்று சிக்கல்களுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பது புரிந்துவிட்டால் மூன்றையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் இணையத்தில் திறந்து பட்டியல் ஏற்றுகிறீர்களே, அந்த சர்வர் எதையும் திரையில் காட்டுவதில்லை. எந்தத் திரைக்கு, எந்தக் கோப்பு, எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, என்ன முன்னுரிமையில் என்கிற விதிகளை எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் சிறு பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரைக் கூப்பிட்டு, விதிகள் மாறியிருந்தால் வாங்கிக்கொள்கிறது, புதிய கோப்புகள் இருந்தால் இறக்கித் தன்னிடமே சேமித்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்தந்த விநாடியில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். இணையம் அறுந்தாலும் திரை அணையக் கூடாது என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே பெட்டியிடம் என்ன இருக்கிறதோ, அதன் கடிகாரம் என்ன சொல்கிறதோ, அதுதான் திரையில் வரும். சர்வரில் நீங்கள் பார்ப்பது உங்கள் விருப்பம் மட்டுமே.

பெட்டி முடிவு செய்யும் வரிசை பல மென்பொருள்களில் ஏறக்குறைய ஒன்றுதான். தன் கடிகாரத்தைப் பார்த்து, இந்த நேரத்துக்குப் பொருந்தும் பதிவுகளைப் பொறுக்கி எடுக்கும். அவற்றில் கோப்புகள் முழுமையாக வந்து சேராதவற்றைத் தள்ளிவிடும். மிஞ்சியவற்றில் முன்னுரிமை எண் அதிகமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதே எண்ணில் இரண்டு மூன்று இருந்தால் மாற்றி மாற்றிக் காட்டும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் இருப்புப் படத்தைக் காட்டும், அதாவது உங்கள் கடையின் பெயர்ப்படம். அட்டவணையில் பொருந்துவது எதுவுமே இல்லாமல் போனால்தான் அது தலைகாட்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வாசல் திரைக்கு வருகிறேன். காலை 6.30க்கு வர வேண்டியது 12 மணிக்கு வருகிறது, 11.30க்கு வர வேண்டியது 5 மணிக்கு வருகிறது. இரண்டிலும் தாமதம் சரியாக 5 மணி 30 நிமிடம். இந்திய நேரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தை விட முந்தியிருப்பதும் அதே 5 மணி 30 நிமிடம்தான். எனவே அந்தப் பெட்டியின் கடிகாரம் பிழையாக ஓடவில்லை. அதன் நேர மண்டலத்தை யாரும் இந்தியா என்று மாற்றவில்லை, யூடிசி என்றே விட்டுவிட்டார்கள். நம் ஊரில் நண்பகல் 12 மணி ஆகும்போது அதற்குக் காலை 6.30 ஆகிறது, உடனே அது கடமை தவறாமல் பொங்கலை எடுத்துக் காட்டுகிறது. காலை 7 மணிக்கு அதற்கு நள்ளிரவு 1.30, அந்த நேரத்துக்கு எந்தப் பட்டியலும் இல்லாததால் பெயர்ப்படம் நிற்கிறது. இரவு 9.30க்கு மேல் மாலை டிபன் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சந்தேகமே வேண்டாம். பெட்டியின் அமைப்புகளில் நேர மண்டலம் என்ற இடத்தில் ஏசியா/கொல்கத்தா என்று தேர்ந்தெடுத்துவிட்டு ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

கல்லாத் திரையில் நடந்தது பலரும் செய்கிற பிழை. முன்னுரிமை 10 என்பதற்கு "பத்து மடங்கு அடிக்கடி" என்று பொருள் இல்லை; "இது இருக்கும்போது இதைவிடக் குறைந்த எண் எதுவும் வேண்டாம்" என்று பொருள். தீ விபத்து அறிவிப்பு போன்றவை மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வசதி அது. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2001இல் வெளியிட்ட, எது எப்போது காட்டப்பட வேண்டும் என்று எழுதுவதற்கான ஸ்மில் 2.0 என்ற கணினி மொழியிலேயே எது எதை இடைமறிக்கலாம் என்பதைக் குறிக்கும் முன்னுரிமை வகுப்புகள் இருந்தன. சில பெட்டிகள் இன்றும் அந்த மொழியில்தான் அட்டவணையை வாங்குகின்றன. உங்களுக்கு வேண்டியது முன்னுரிமை அல்ல, பங்கு. காணொளிக்கும் பட்டியலுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டும் மாறி மாறி வரும். ஸிபோ போன்ற திறந்தமூல மென்பொருளில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விநாடி என்று ஒரு விளம்பரத்துக்குப் பங்கு குறித்துவிடலாம். 360 விநாடி என்று கொடுத்தால் அந்த மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும், மீதி நேரம் பட்டியல் நிற்கும்.

குடும்ப அறைத் திரையைப் பொறுத்தவரை, அந்தப் பெட்டிக்குப் புதிய கோப்பு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் சர்வர் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்பும். இறக்கிய கோப்பு அதனோடு ஒத்துப்போனால்தான் பெட்டி அதைத் திரைக்கு விடும், பாதிக் கோப்பைக் காட்டாது; அதுவரை தன்னிடம் இருக்கும் பழையதையே காட்டும். சர்வரில் அந்தத் திரையின் பெயருக்கு எதிரே கடைசியாகத் தொடர்பு கொண்ட நேரமும், கோப்புகள் வந்து சேர்ந்த நிலையும் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மாலைக்காபி

வாசல் திரைக்கு இன்னும் எளிய வழி உண்டு. பெட்டியைத் திறந்து அமைப்புகளைத் தேட வேண்டியதே இல்லை. சர்வரில் எல்லா நேரங்களையும் 5 மணி 30 நிமிடம் முன்னே தள்ளிவிடுங்கள். 6.30க்குப் பதில் 1.00 என்று எழுதினால் திரையில் சரியாக 6.30க்கு வந்துவிடும். எங்கள் கடையில் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

திரைப்பணி_திருச்சி

நண்பரே, அது இன்று வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். மற்ற இரண்டு திரைகளின் பெட்டிகளும் இந்திய நேரத்தில் ஓடுகின்றன என்றால், ஒரே பட்டியலுக்கு இரண்டு அட்டவணைகளைக் காலம் முழுவதும் பராமரிக்க வேண்டியிருக்கும். நாளை யாராவது நல்லெண்ணத்தோடு நேர மண்டலத்தைச் சரிசெய்தால் அந்தத் திரை மறுபடியும் குழம்பும். அதைவிட முக்கியமாக, நம் நேரத்தில் காலை 5.30க்கு முன் வருகிற எதுவும் அந்தப் பெட்டிக்கு முந்தைய நாள். மார்கழியில் கோயிலுக்குப் போய்வருகிறவர்களுக்காக விடிகாலை 4.30க்குக் கடை திறக்கும் உணவகங்கள் குடந்தையில் இருக்கும், சனிக்கிழமை 4.30க்கு வர வேண்டிய பட்டியலை வெள்ளிக்கிழமை இரவு 11 மணி என்று குறிக்க வேண்டும். கிழமைவாரியாக வைத்திருக்கும் பட்டியல் அங்கே ஒரு நாள் தள்ளிப்போகும். ஏன் தள்ளிப்போனது என்று கண்டுபிடிக்க ஆறு மாதம் கழித்து யாராலும் முடியாது.

பலகை_பார்வை

கேமரா பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. விளம்பரப் பலகைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் அதை மட்டும் எழுதுகிறேன்.

நேரம், கிழமை தவிர வெளியிலிருந்து வரும் செய்தியைக் கொண்டும் திரை முடிவு செய்யலாம் என்பது உண்மைதான். 2013இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனில் பிக்காடில்லி சர்க்கஸிலும் சிஸ்விக்கிலும் வைத்த திரைகளில், அந்த நிறுவனத்தின் விமானம் மேலே பறக்கும்போது ஒரு சிறுவன் எழுந்து அதைக் கைகாட்டுவான். விமான எண்ணும் அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதும் திரையில் வரும். விமானம் தன் இருப்பிடத்தை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே இருப்பதால், அதை ஓர் ஆன்டெனாவால் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். அடிப்படையில் அதுவும் "இது நடந்தால் இதைக் காட்டு" என்கிற ஒரே ஒரு விதிதான். உங்கள் கடையிலும் மழை பெய்தால் பஜ்ஜி, சூடான காபி என்று ஒரு படத்தை முன்னே கொண்டுவரலாம். வானிலைத் தகவலோடு இணைக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. பெரிய விளம்பர வலையமைப்புகளில் ஒவ்வொரு இடைவெளிக்கும் இணைய விளம்பரத்தைப் போல ஏலம்கூட நடக்கிறது; ஏலத்துக்கான ஓபன் ஆர்டிபி என்னும் பொது நெறிமுறை 2022இல் வந்த 2.6 பதிப்பில் இத்தகைய திரைகளுக்குத் தனி இடம் கொடுத்தது. மூன்று திரை வைத்திருக்கும் உணவகத்துக்கு அது தேவையில்லை.

கேமரா விஷயம் வேறு. கனடாவில் காடிலாக் ஃபேர்வியூ என்ற நிறுவனம் தன்னுடைய 12 வணிக வளாகங்களில் வழிகாட்டித் திரைகளுக்குள் கேமராவைப் பொருத்தி, வந்தவர்களின் வயதையும் பாலினத்தையும் மதிப்பிட்டது. அந்த நாட்டின் தனியுரிமை ஆணையர்கள் விசாரித்து 2020 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார்கள். வந்தவர்களிடம் முறையான ஒப்புதல் வாங்கவில்லை என்றும், சுமார் 50 இலட்சம் முகங்களுக்கான எண் வடிவங்கள் வேறொரு நிறுவனத்திடம் சேமிக்கப்பட்டிருந்தன என்றும் அதில் கண்டார்கள். படங்களை உடனே அழித்துவிடுகிறோம் என்று நம்பியிருந்த இடத்தில் எண்கள் மிஞ்சியிருந்தன. நம் நாட்டிலும் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. சாப்பிட வரும் குடும்பத்தின் முகத்தை, குழந்தைகளின் முகத்தையும் சேர்த்து, அவர்களைக் கேட்காமல் அளப்பதற்கு ஓர் உணவகத்துக்கு என்ன தேவை இருக்கிறது? கேமரா வேண்டாம் என்று சொல்லி அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

வாழையிலை_குடந்தை

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு 9.30க்கு வாசலில் நின்று பார்த்தேன். மாலை டிபன் பட்டியல் சொல்லிவைத்தாற்போல் வந்தது. நேர மண்டலத்தை மாற்றியதும் இன்று காலை 6.30க்குப் பொங்கல் வந்துவிட்டது. இனிப்புக் காணொளிக்கும் பட்டியலுக்கும் முன்னுரிமையை 1 என்று ஆக்கிவிட்டேன், மாறி மாறி வருகின்றன. குடும்ப அறைப் பெட்டியைச் சர்வரில் பார்த்தபோது கோப்பு 60 விழுக்காட்டில் நின்றிருந்தது. அந்த அறையின் சுவரைத் தாண்டி வைஃபை ஒழுங்காக எட்டவில்லை. ஒரு கேபிளை இழுத்துக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் புதிய விலை வந்தது. கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மின்சாரம் அடிக்கடி போகும். அப்போது இந்தக் கடிகாரம் என்ன ஆகும்?

திரைப்பணி_திருச்சி

நல்ல கேள்வி, பலரும் மழைக்காலம் வந்த பிறகே இதைக் கேட்கிறார்கள். இத்தகைய சிறு பெட்டிகள் பலவற்றில், நம் மேசைக் கணினியில் இருப்பது போலக் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. இவற்றில் பலவும் பயன்படுத்தும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் 4ஆம் மாதிரி வரை அந்தக் கடிகாரமே இல்லை. 5இல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். மின்சாரம் வந்ததும் இவை இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். இணையம் இல்லையென்றால் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே தொடரும். இரண்டு மணி நேரம் மின்சாரம் போயிருந்தால் இரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடும். எனவே உங்கள் ரவுட்டரை ஒரு சிறு யூபிஎஸ்ஸில் போடுங்கள், பெட்டியில் இடம் இருந்தால் கடிகாரப் பேட்டரியையும் போடச் சொல்லுங்கள். பட்டியலின் மூலையில் சிறிதாக மணியும் தெரியும்படி வைத்துவிட்டால், நேரம் தவறியிருப்பதைப் பரிமாறுகிற பையன்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.