குழந்தையக் கையில குடுத்தப்ப ஒண்ணுமே தோணல. உங்களுக்கும் இப்படி ஆச்சுங்களா?

கோபிப் பக்கம்:

பாப்பாவுக்கு இப்ப 2 வயசு 3 மாசம். நல்லா இருக்கா. ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்திட்டே இருக்குதுங்க. வீட்ல யாருகிட்டயும் சொன்னதில்ல.

19 மணி நேரம் வலி. கடைசில பாப்பாவுக்கு இதயத் துடிப்பு எறங்குதுன்னு தியேட்டருக்குத் தள்ளிட்டு ஓடுனாங்க. ஆபரேசன் முடிஞ்சும் ரத்தம் நிக்கல, 4 யூனிட் ஏத்துனாங்க. பாப்பா பொறந்ததும் அழுகல, அப்படியே ஐசியூவுக்குக் கொண்டு போயிட்டாங்க. மிச்சத்த நான் சொல்ல வேண்டியதில்ல, இங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்சதுதான்.

அஞ்சாம் நாள் கொண்டாந்து மடில வெச்சாங்க. அம்மா, அத்தை, நங்கையா எல்லாரும் சுத்தி நின்னு என் மொகத்தையே பாக்கறாங்க. நான் பாப்பா மொகத்தப் பாக்கல. கால்ல ஒட்டியிருந்த பிளாஸ்திரியத் திருப்பிப் பாத்தேன். நீல மையில என் பேரு எழுதி, தண்ணி பட்டுப் பாதி அழிஞ்சு, கடைசி எழுத்து மட்டும் தெளிவா இருந்துது. "இது எங்குளுதுதானுங்களா சிஸ்டர்?"னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் நெசமாத்தான் கேட்டேன்.

ஒறம்பரை வீட்டுக் கொழந்தைய மடில வெச்சிருந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துது. பாசமும் வரல, அழுகையும் வரல. சூடா, கனமா இருந்துது, அவ்வளவுதான். அத்தை அப்பச் சொன்ன வார்த்தை, "பெத்தவ மொகத்துல ஒரு களையே இல்லியே." கெட்டவங்க இல்லைங்க அவங்க. ஆனா அந்த ஒரு வார்த்தைய வெச்சுட்டு எத்தன ராத்திரி முழிச்சிருந்தேன்னு கணக்கே இல்ல.

பால் குடுத்தேன், துணி மாத்துனேன், எல்லாம் கடமைக்கு. அஞ்சாறு மாசம் ஆச்சு பாசம்னு ஒண்ணு வர. எந்த நாள்ல வந்துச்சுன்னும் தெரியல. இப்ப அவ தூங்கறப்ப அந்தக் கணுக்காலத் தொட்டுப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அன்னிக்கு ஏன் மொகத்தப் பாக்காம போனேன்?

பல்லடம் தறிக்காரன்:

அப்பனுக எழுதலாமுங்களா?

எங்களுக்கும் ரத்தப்போக்குதான். ராத்திரி 2 மணிக்கு ஒரு தாளக் கொண்டாந்து கையெழுத்துப் போடச் சொன்னாங்க, தேவைப்பட்டா கர்ப்பப்பைய எடுக்கச் சம்மதம்னு. பேனா எழுதல. மூணு தடவ கிறுக்கறேன், தாள்ல பள்ளந்தான் விழுகுது, மை வரல. பக்கத்துல நின்ன பெரியவரு ஒருத்தரு அவரு பேனாவக் குடுத்தாரு. அவரு மொகம் ஞாபகமில்ல. அந்தப் பேனா மூடி பூரா பல்லுத்தடம், அது மட்டும் அப்படியே கண்ணுல இருக்குது. அவரு உள்ள யாரு இருந்தாங்களோ.

ரெண்டு பேரும் பொழச்சு வந்துட்டாங்க. பையனத் தூக்குன்னு குடுத்தா, கையில தறி எண்ணெய்னு சொல்லிட்டு நகுந்துருவேன். ரெண்டு மாசம் அப்படி. அவனப் பாத்தா அந்தத் தாளுதான் ஞாபகம் வரும். இன்னிக்கும் 108 சத்தம் கேட்டா தறிய நிறுத்திப்போட்டு வெளிய வந்து நின்னுக்குவேன். வந்தவங்க எல்லாம் சம்சாரத்துகிட்ட எப்படி இருக்கேன்னு கேட்டாங்க, அதுதான் மொற. என்ன யாரும் கேக்கல, நானும் சொல்லல.

ஈரோடு, ஓய்வுபெற்ற செவிலி:

கோபிக்கார அம்மிணி, உங்க கதை எனக்குப் புதுசில்ல. 28 வருசம் பிரசவ வார்டுல இருந்தவ நான். ஒரு பொண்ணு, குறைமாசக் கொழந்தை. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பால எடுத்துட்டு வந்து கதவுகிட்டக் குடுப்பா, உள்ள எட்டிக்கூடப் பாக்க மாட்டா. "உன் கொழந்ததானே, வந்து பாரு"ன்னு ஒரு நாள் சத்தம் போட்டுட்டேன். "பாத்துப் பழகிட்டு அது போயிருச்சுன்னா?"ன்னு கேட்டா. பதில் சொல்லத் தெரியாம பால் டம்ளர வாங்கிட்டு உள்ள போயிட்டேன். அன்னிக்கு அவகிட்ட உக்காந்து ரெண்டு வார்த்தை பேசியிருக்கணும்.

அதனால இப்பச் சில விஷயம் சொல்லிக்கறேன், யாருக்காவது ஆகும். பிரசவமாகி ரெண்டு மூணு நாள்ல வர்ற அழுகை ரெண்டு வாரத்துக்குள்ள தானா அடங்கிரும், பாதிக்கு மேல பேருக்கு வர்றதுதான். ரெண்டு வாரத்தத் தாண்டுனா அது மனச்சோர்வா இருக்கலாம், டாக்டர்கிட்டப் போகோணும். ஆஸ்பத்திரி காட்சியே திரும்பத் திரும்ப வர்றது, அந்த ரோட்டுப் பக்கமே போகாம சுத்திப் போறது, சத்தம் கேட்டாத் தூக்கிவாரிப் போடறது, இதெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல இருந்தா அது அதிர்ச்சியால வர்ற நோய், பிடிஎஸ்டிம்பாங்க. பல்லடம் தம்பி, 108 சத்தம்னு நீங்க எழுதுனதப் படிச்சதும் எனக்கு அதுதான் தோணுச்சு. மனச்சோர்வும் இதுவும் வேற வேற. ரெண்டும் சேந்தும் வரும்.

பிரசவத்துக்கப்பறம் மனச்சோர்வு இருக்குதான்னு பாக்க எடின்பரோ கேள்வித்தாள்னு ஒண்ணு இருக்குது, 1987ல வந்தது. 10 கேள்வி, போன 7 நாள் எப்படி இருந்துதுன்னு. மொத்தம் 30 மார்க், 13ஓ அதுக்கு மேலயோ வந்தா கண்டிப்பா டாக்டர்கிட்டக் காட்டோணும். பத்தாவது கேள்வி, தன்னையே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுச்சான்னு. அதுக்கு மட்டும் ஆமான்னு வந்தா, மத்த மார்க்கையெல்லாம் பாக்காம அன்னிக்கே யாருகிட்டயாவது சொல்லோணும். 14416னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்குது, கூப்பிட்டாத் தமிழ்லயே பேசுவாங்க, ராத்திரியும் எடுப்பாங்க, காசு கிடையாது.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். ஆயிரம் பிரசவத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு, பெரும்பாலும் மொத ரெண்டு வாரத்துல, தூக்கமே இல்லாம, யாரோ பேசறாங்கம்பாங்க, கொழந்தைய மாத்திட்டாங்கம்பாங்க, ஆளே மாறிப் போயிருவாங்க. காத்துக்கருப்புன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு உக்காந்திருக்காதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரி. கொழந்தையோட தனியா விடக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில தாயையும் கொழந்தையையும் சேத்தே வெச்சுப் பாக்கற வார்டு 2009லிருந்து இருக்குது. பால் குடுக்கறதால மாத்திரை சாப்பிடக் கூடாதுங்கறதும் தப்பு. பாலுக்குள்ள ரொம்பக் கொஞ்சமாப் போற மருந்து இருக்குது, டாக்டர் பாத்துக் குடுப்பாங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

அப்பறம் கங்காரு கவனிப்பு. 1978ல கொலம்பியாவுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது. எடை குறைஞ்ச கொழந்தைய சட்டையில்லாம தாய் நெஞ்சுமேல வெச்சாப் பாசம் தானா வரும்.

திருப்பூர் ஓவர்லாக்:

சிஸ்டர், மத்ததெல்லாம் சரிங்க. "தானா வரும்"னு மட்டும் எழுதாதீங்க.

எம்பொண்ணு 31 வாரத்துல பொறந்தா, 1 கிலோ 400 கிராம். நெஞ்சுமேல வெச்சாங்க. அவ தலையில ஸ்பிரிட்டு வாசம் அடிச்சுது. அந்த வாசம் வந்ததும் மறுபடியும் அந்த டேபிள்மேல படுத்திருக்கற மாதிரியே ஆயிருச்சு, மூச்சு அடைச்சு, எடுங்க எடுங்கன்னு கத்திட்டேன். "பெத்த தாய்க்கே வேண்டாமா?"ன்னு அங்க ஒருத்தங்க கேட்டாங்க. 4 வருசமாச்சு. கம்பெனில மெசின்ல உக்காந்திருக்கறப்பத் திடீர்னு காதுல விழும், தையல் கோணிப் போகும்.

எங்க வீட்டுக்காரருதான் சட்டையக் கழட்டிட்டு நெஞ்சுல வெச்சுக்கிட்டாரு. தினமும் ஷிப்ட் முடிச்சு வந்து, ஒரு பஞ்சுத்தூசி இல்லாம குளிச்சுட்டு உக்காருவாரு. நான் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து அவ பாதத்த மட்டும் புடிச்சுக்குவேன். என் கட்டைவெரல் நீளந்தான் இருந்துது பாதம், ரேகையெல்லாம் நூலு மாதிரி. எனக்குப் பாசம் வந்த வழி அதுதாங்க. நெஞ்சுல வெக்க முடியாதவளும் தாய்தான்.

ஈரோடு, ஓய்வுபெற்ற செவிலி:

தப்புத்தான் கண்ணு. மன்னிச்சுக்க. அப்பா வெச்சுக்கறதும் கங்காரு கவனிப்புத்தான், அத நான் எழுதியிருக்கணும்.

சென்னிமலைப் பக்கத்து ஆத்தா:

(பேத்தி எழுதித் தர்றா.) எல்லாத்தையும் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கேள்வித்தாளு, மார்க்கு, மாத்திரை. நாங்க ஊட்லயே பெத்தவிய. கொழந்தை மேல பாசம் வருதா வல்லியான்னு ரோசனை பண்ண எங்களுக்கு நேரமேது? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், காட்டுக்குச் சோறு போகோணும். வேலையப் பாத்தா வெசனம் தானாப் போகும். இதயெல்லாம் ஊரறியப் பேசுனாத்தான் பெருசாவுது.

பெருந்துறை:

அம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. வேலையப் பாத்தாச் சரியாயிரும்னு சொல்லிச் சொல்லித்தான் எங்க அக்காவ 7 மாசம் கூட்டிட்டுப் போகாம வெச்சிருந்தோம். அவ வேலை எல்லாத்தையும் செஞ்சா. வாசல் தெளிச்சா, பாத்திரம் வெளக்குனா. கொழந்தை அழுதா மட்டும் பொடக்காலிக்குப் போயி ரெண்டு காதையும் பொத்திட்டு நிப்பா. ஒரு நாள் சாயங்காலம் நான் பாத்துட்டேன். என்னையப் பாத்ததும் கைய எடுத்துட்டு, கொசு கடிக்குதுன்னா. நானும் சரின்னு வந்துட்டேன். அதுதான் இன்னும் போகல எனக்கு. ஊரறியப் பேசாததாலதாம்மா எங்களுக்குப் பெருசாச்சு.

பல்லடம் தறிக்காரன்:

சிஸ்டர், அந்த 10 கேள்வி ஆம்பளைங்களுக்கும் ஆகுங்களா?

ஈரோடு, ஓய்வுபெற்ற செவிலி:

ஆகும் தம்பி. ஆம்பளைங்களுக்கு 13 வரைக்கும் காத்திருக்கறதில்ல, கம்மியா வந்தாலே பாப்பாங்க. ஆனா உங்களுக்கு அதவிட அந்த 108 விஷயத்தச் சொல்லிக் காட்டுங்க. 14416ல அதையே சொல்லி ஆரம்பிங்க.

சென்னிமலைப் பக்கத்து ஆத்தா:

பெருந்துறைக்கார அம்மிணி சொன்னதுல இருந்து மனசு ஒரு நெலையில இல்ல. நானும் ஒண்ணு சொல்றேன்.

எனக்கு ரெண்டாவது பையன் காலு முன்னால வந்தவன். ரெண்டு நாளு. மருத்துவச்சி கையெல்லாம் ரத்தம். பொழைக்க மாட்டேன்னு எங்கப்பாருக்கு ஆள் உட்டாங்க. பொழச்சேன். அவன எடுக்கவே புடிக்கல எனக்கு, கிட்ட வந்தா ஒடம்பு நடுங்கும். எங்க மச்சாண்டாரு ஊட்டு அக்காளுக்குக் கொழந்தை இல்ல. அவியளே எடுத்து வளத்துனாங்க, அதே பண்ணையத்துலதான், அடுத்த ஊட்ல. யாரும் ஒண்ணும் கேக்கல.

அவனுக்கு நாலு வயசு இருக்கும். வேலியில வெலாமுள்ளு ஏறி, ஒத்தக்கால்ல நொண்டிட்டு அழுதுட்டே வர்றான். நான் வாசல்ல கம்பு பொடச்சிட்டிருக்கறேன். மொறத்தக் கீழ வெச்சுட்டுக் கைய நீட்டுனேன். என்னையத் தாண்டி அந்தப் பக்கம் ஓடுனான். அக்காதான் முள்ள எடுத்து உட்டாங்க. நான் மொறத்த எடுத்து மறுக்கப் பொடச்சேன்.

கோபிப் பக்கம்:

ஆத்தா, அவருகிட்ட நீங்க இதச் சொல்லியிருக்கீங்களா?

சென்னிமலைப் பக்கத்து ஆத்தா:

இல்ல சாமி. ஆடி நோம்பிக்கு வர்றான். பேத்தி சொல்லுங்கறா. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல.