சைக்ளோபாஸ்பமைடு நிறுத்தி 6 வருஷம் கழிச்சு சிறுநீரில் ரத்தம்

காரைக்குடி:
லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்) சிறுநீரகத்தைப் பாதிச்சதால ஆத்தாவுக்கு 2 வருஷம் சைக்ளோபாஸ்பமைடு (எதிர்ப்புச் சக்தியை அடக்குற மருந்து) 50 மி.கி., தினம் ரெண்டு மாத்திரை. இப்போ ஒரே ஒரு தடவை சிறுநீர் தேயிலைத் தண்ணி நிறத்துல போச்சு. வலி, எரிச்சல் இல்லை. சூடுன்னு விட்டுரலாமா?

தேவகோட்டை:
விடாதீங்க தம்பி. வலியில்லாம ரத்தம் வந்தா அதைத்தான் முதல்ல பார்க்கணும். 100 மி.கி. வீதம் 730 நாள், மொத்தம் 73 கிராம். 36 கிராமைத் தாண்டினாலே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். மருந்தை நிறுத்திப் பல வருஷம் கழிச்சும் வரலாம். சிறுநீர்ப் பரிசோதனையோட, சிறுநீரக அறுவை மருத்துவர்கிட்ட சிஸ்டோஸ்கோப்பி (குழாய் கேமரா விட்டு சிறுநீர்ப்பையை உள்ளே பார்க்குறது) கேளுங்க. ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு திரும்பிடாதீங்க, தட்டையான புற்று அதுல தெரியாமப் போகும். பழைய மருந்துச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க.

பள்ளத்தூர்:
காரணம் இதுதான்: மருந்து உடம்புல சிதையும்போது அக்ரோலின்ங்கிற நச்சுப்பொருள் உண்டாகி, சிறுநீரோட பையில தேங்கி உள்தோலை அரிக்குது. அதனாலதான் இப்போ சாப்பிடுறவங்க மாத்திரையைக் காலையிலயே போடணும். ராத்திரி போட்டா விடியுற வரைக்கும் பையிலயே கிடக்கும். மருத்துவர் தண்ணி அளவைக் கட்டுப்படுத்தலைன்னா நிறையக் குடிச்சு, அடக்காம அடிக்கடி போகணும். அதிக அளவு ஊசிக்கு மெஸ்னாங்கிற மருந்தும் சேர்ப்பாங்க, அது அக்ரோலினைப் பிடிச்சுக்கும். புகையிலை கூடவே கூடாது.

காரைக்குடி:
நேத்துலேர்ந்து நிறம் சரியாயிடுச்சுண்ணே. அப்பவும் போகணுமா?

தேவகோட்டை:
கட்டாயம் போகணும். இந்த ரத்தம் விட்டு விட்டுத்தான் வரும்.