புதுப்பிப்பு: உளச்சிகிச்சையாளர் மீதான புகாரின் முடிவு

சிகிச்சைக் காலத்திலேயே என்னிடம் தனிப்பட்ட உறவுக்கு முயன்ற உளச்சிகிச்சையாளரைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அவர் சார்ந்த தொழில்முறைச் சங்கம் புகாரை விசாரித்து, அவரைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் அவர் இன்றும் சிகிச்சை அளித்துவருகிறார். பிரிட்டனில் 2009 முதல் மருத்துவ உளவியலாளர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; அதாவது, சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். உளச்சிகிச்சையாளர் என்ற பட்டத்துக்கு அது இல்லாததால், தன்னார்வப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவரும் அதே பெயரில் தொழிலைத் தொடர முடிகிறது. ஜெர்மனியில் 1999 முதல் உளச்சிகிச்சையாளர் என்ற பட்டத்துக்கும் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் இதற்கு இடமில்லை.

“நீங்கள் மறுத்திருக்கலாமே” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தரங்கம் அனைத்தையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்ட நிலையில் உருவாகும் சார்புணர்வு அத்தனை ஆழமானது; அதைக் கையாளும் பொறுப்பு முழுவதும் சிகிச்சையாளருடையது. இனி அவரிடம் செல்லப்போகிறவர், தாமாகத் தேடிப் பார்த்தாலொழிய இந்த நீக்கத்தை அறியப்போவதில்லை என்பதே என்னை உறங்கவிடவில்லை.