டிசம்பர் 25: சூரியனின் பிறந்த நாளா, கணித்துக் கண்ட நாளா?

கேள்வி:
உரோமர்களின் சூரியத் திருவிழாவைத் திருச்சபை எடுத்துக்கொண்டு அதற்குக் கிறிஸ்து பிறப்பு விழா என்று பெயரிட்டுவிட்டது எனப் பலரும் உறுதியாகக் கூறுகிறார்கள். இயேசு பிறந்த மாதமோ நாளோ நற்செய்தி நூல்களில் சொல்லப்படவில்லை என்பதை நானும் அறிவேன். அப்படியானால் டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? மரமும் பரிசும் பழைய சமயங்களின் எச்சங்கள்தானா? நம்பிக்கையுள்ள கிறிஸ்தவனாக, உண்மையை அறியும் விருப்பத்தால் கேட்கிறேன்.

மறுமொழி 1:
ஐயா, இந்த விவாதத்தின் முதன்மைச் சான்று 354ஆம் ஆண்டில் உரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பாகும். அதன் அரசு நாட்காட்டிப் பகுதி டிசம்பர் 25ஐ ‘வெல்லப்படாதவனின் (அதாவது சூரியக் கடவுளின்) பிறந்த நாள்’ என்று குறித்து, அன்று முப்பது தேரோட்டப் பந்தயங்கள் நடக்கும் என்கிறது. அதே தொகுப்பிலுள்ள மறைசாட்சிகளின் (நம்பிக்கைக்காக உயிர்துறந்தவர்களின்) நினைவு நாள் பட்டியலோ அந்நாளில் கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்கிறது. இந்தப் பட்டியல் 336ஆம் ஆண்டளவில் உருவானது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பேரரசர் ஆரேலியன் 274இல் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எழுப்பியது உண்மைதான். ஆனால் அக்கோயில் டிசம்பர் 25இல் அர்ப்பணிக்கப்பட்டதாக அக்காலச் சான்று எதுவும் கூறவில்லை. ஆகவே, இரண்டு விழாக்களும் ஒரே ஏட்டில் அருகருகே இருக்கின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுந்தது என்பதற்கு அந்த ஏடு சாட்சியாகாது.

இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு அதுவே வலுவானதாகத் தோன்றுகிறது. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாள் மார்ச் 25 என்று கணக்கிட்டார். இயேசு கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்ற நம்பிக்கை இருந்ததைப் பிற்கால ஆயர் அகுஸ்தீன் பதிவு செய்திருக்கிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணினால் டிசம்பர் 25 வரும். கிழக்கில் சிலுவை நாளை ஏப்ரல் 6 எனக் கொண்டு, அதிலிருந்து எண்ணியவர்களுக்கு ஜனவரி 6 கிடைத்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்நாளிலேயே பிறப்பு விழாவைக் கொண்டாடுகிறது. பிரெஞ்சு அறிஞர் லூயி துஷேன் இந்தக் கருத்தை 1889இல் முன்வைத்தார்.

மறுமொழி 2:
கணக்கீட்டு விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் சூரியனை முற்றிலும் விலக்கிவிட முடியாது. குளிர்காலக் கதிர்த்திருப்பம் (ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் நாள்) டிசம்பர் 25இல் நிகழ்வதாகவே உரோமர்கள் மரபாகக் கருதினார்கள். ஒளி வளரத் தொடங்கும் அந்த நாளின் பொருத்தத்தைக் கிறிஸ்தவ மறையுரையாளர்களே மகிழ்ச்சியுடன் எடுத்துரைத்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில்கூட, புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் நின்று, திரும்பி, உதிக்கும் சூரியனை வணங்கிவிட்டு உள்ளே வந்த கிறிஸ்தவர்களைத் திருத்தந்தை முதலாம் லியோ கண்டித்திருக்கிறார். மக்கள் மனத்தில் இரண்டும் கலந்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழக்கவழக்கங்களைப் பற்றியும் யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி 3:
அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டிசம்பர் 17இல் தொடங்கிய சாட்டர்னாலியா விழாவில் உரோமர்கள் மெழுகுவர்த்திகளையும் சிறு மண் பொம்மைகளையும் பரிசளித்தார்கள். விருந்தும் கேளிக்கையும் அந்தப் பருவத்தின் இயல்பாகவே இருந்ததால், அவற்றுள் சில தொடர்ந்திருக்கலாம். வட ஐரோப்பாவில் ‘யூல்’ என்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய குளிர்கால விழா. பத்தாம் நூற்றாண்டின் நார்வே அரசர் ஹாகோன் அதைக் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தோடு இணைத்ததாக வட நாட்டு அரச வரலாறுகள் கூறுகின்றன. அந்தப் பெயர் இன்றும் ஸ்காண்டிநேவிய மொழிகளில் கிறிஸ்துமஸைக் குறிக்கிறது.

மரத்தின் கதை வேறு. ஸ்ட்ராஸ்பூர்க் நகர வீடுகளில் ஊசியிலை மரங்களை நிறுத்தி, வண்ணக் காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் தொங்கவிட்டார்கள் என்று 1605ஆம் ஆண்டுக் குறிப்பொன்று சொல்கிறது. பழங்கால மர வழிபாட்டுக்கும் இதற்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி உள்ளது. அதை இணைக்கும் சான்றுச் சங்கிலி இல்லை.