புதுப்பிப்பு: ஹாலில் மான் தோல் மாட்டலாமா என்று கேட்டிருந்தேனே

தாத்தா காலத்து மான் தோலைச் சட்டம் போட்டு ஹால் சுவரில் மாட்டலாமா என்று கேட்டிருந்தேன். "பழசுதானே, பரவாயில்லை" என்றே நிறைய பேர் சொன்னீர்கள். பழசு என்பது கணக்கில் வராது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் வேண்டும். 2003-ல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தபோது அப்பா பதிவு செய்து வாங்கியிருக்கிறார். காகிதம் பீரோவில் பத்திரமாக இருந்தது.

சான்றிதழ் இருந்தாலும் விற்கவோ, நண்பருக்குப் பரிசாகத் தரவோ முடியாது. வாரிசுக்குப் போகலாம், அவரும் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். இந்தத் தலைவலி எனக்கு எதற்கு? 2022 திருத்தத்தில் தாமாகவே ஒப்படைக்க வழி இருக்கிறது, இழப்பீடு கிடையாது. அப்பா சம்மதித்து வனத்துறையிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் அந்தச் சுவர்? காலியாகவே இருக்கிறது. தரைக்கு மாட்டுத்தோல் மாதிரி அச்சடித்த பாலியஸ்டர் விரிப்பு வாங்கினேன். நிஜ மாட்டுத்தோல் நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும், தண்ணீரில் அலசவும் முடியாது. இதை அலசலாம். ஆனால் குத்துவிளக்கு, ஊதுவத்திப் பக்கம் வேண்டாம், பொறி பட்டால் உருகிவிடும். வாங்கும்போது முடியை விலக்கி அடியைப் பாருங்கள்: நெய்த துணி தெரிந்தால் போலி. அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை, பூஜையறைப் பக்கம் வரக் கூடாதாம்.